ரப்பர் வளையமும் 0.4 மில்லிமீட்டர் மூடநம்பிக்கையும்

மெக்கானிக்கல் கீபோர்டுல ரப்பர் வளையம் மாட்டினா கேம்ல வேகம் கூடும்னு யாராவது உங்ககிட்ட சொன்னா, அவர் ஒண்ணு வளையம் விக்கிறவரா இருக்கணும், இல்ல காசு போட்டு வாங்கிட்டோமேன்னு விட்டுக்கொடுக்காம பேசறவரா இருக்கணும். மூணாவது வகை ஒண்ணை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. (ஆரம்பமே சண்டையான்னு கேக்காதீங்க மக்களே. ரொம்ப நாளா உள்ள அடக்கி வச்சிருந்தது.)

விஷயம் தெரியாதவங்களுக்குச் சின்னதா ஒரு விளக்கம். சாதாரண கீபோர்டுல எல்லா விசைக்கும் அடியில ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். மெக்கானிக்கல் கீபோர்டுல ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியா ஒரு ஸ்விட்ச், அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங். மேல இருக்கற மூடியைக் கழட்டினா அடியில குட்டியா ஒரு தண்டு இருக்கும். அந்தத் தண்டுல ஒரு ரப்பர் வளையத்தை மாட்டறாங்க. ஓ-ரிங்னு பேரு. குழாய்க்குப் போடற வாஷருக்கு ஒண்ணுவிட்ட தம்பி, குக்கர் கேஸ்கட்டுக்குப் பேரப்பிள்ளை. விசையை முழுசா அமுக்கும்போது மூடிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவுல இது சிக்கிக்கும். அதனால விசை தரையைத் தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுடும். எவ்ளோ முன்னாடி? வளையத்தோட தடிமனைப் பொறுத்து 0.2 மி.மீ.லேருந்து 0.4 மி.மீ. வரைக்கும். இதுக்குத்தான் "கீ டிராவலைக் குறைக்கிறோம், வேகத்தைக் கூட்டறோம்"னு இவ்ளோ அலப்பறை.

இதுல இருக்கற காமெடியை முதல்ல கவனிங்க. ஐநூறு ரூபா கீபோர்டு ரப்பர் மாதிரி கொழகொழன்னு இருக்குன்னு சொல்லிட்டுத்தானே ஐயாயிரம் ரூபா கீபோர்டுக்குப் போறோம்? போனவன் என்ன பண்றான்? மறுபடி தனியா காசு கொடுத்து 104 ரப்பரை வாங்கி ஒவ்வொண்ணா மாட்டறான். ரப்பர்கிட்டேருந்து தப்பிச்சு ஓடினவன், ஓடின இடத்துல ரப்பர் கடை வச்ச கதை.

எனக்கென்ன வந்துச்சு?

எவனோ எங்கயோ ரப்பர் மாட்டினா உனக்கென்னன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. என் சித்தி பையன் மாட்டினான், அதான் வந்துச்சு.

சித்தி வீடு கோத்தகிரி பக்கம். ஒண்ணரை ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகற விலை கேட்டு 2023ல சிறு விவசாயிங்க உண்ணாவிரதம் உக்காந்த மலை எங்க மலை. அந்த வீட்டுப் பையன் நானூறு ரூபாய்க்கு வளையம் வாங்கியிருக்கான். கிலோ இருபது ரூபான்னே வச்சுக்கங்க, 20 கிலோ கொழுந்து. மழையில பிளாஸ்டிக் கோணியைப் போத்திக்கிட்டு சித்தி பறிக்கற கொழுந்து. "அண்ணா, இது போட்டதுலேருந்து வேகம் நல்லா தெரியுதுண்ணா"ன்னு அவன் சொன்னப்போ எனக்கு அவன் மேல கோவம் வரல. அவனை நம்ப வச்சவங்க மேல வந்துச்சு.

கேமிங்னு ஒரு வார்த்தையை ஒட்டினா போதும், நாற்காலிக்கு ஒரு விலை, எலிக்கு ஒரு விலை, எலிக்கு அடியில விரிக்கற துணிக்கு ஒரு விலை. ஆனா நாற்காலியில உக்காரவாச்சும் முடியும். இந்த வளையம் செய்யறதா சொல்ற வேலையை இது செய்யவே முடியாது. ஏன்னு சொல்றேன்.

எழுத்து எங்க விழுது?

மெக்கானிக்கல் ஸ்விட்ச்னாலே எல்லாரும் அளவுகோலா வைக்கறது ஜெர்மனியோட செர்ரி கம்பெனி எம்எக்ஸ் வகையைத்தான். 1980-கள்ல வந்தது. காப்புரிமைக் காலம் முடிஞ்ச பிறகு சீனக் கம்பெனிகள் போடறதெல்லாம் பெரும்பாலும் இதே அச்சுதான். அதுல ரெட் வகையை எடுத்துக்கங்க. விசை மொத்தம் 4 மி.மீ. இறங்கும். ஆனா எழுத்து 2 மி.மீ.லயே விழுந்துடும். பாதி தூரம் போனதுமே கணினிக்குத் தகவல் போயாச்சு. மிச்சம் 2 மி.மீ. உங்க விரல் சும்மா போயிட்டு வர்ற தூரம்.

இப்ப வளையம் எங்க வேலை செய்யுது? கடைசி 0.4 மி.மீ.ல. அதாவது 3.6ல. எழுத்து விழுந்து ஒண்ணரை மில்லிமீட்டருக்கு அப்புறம். பஸ் சேரிங் கிராஸைத் தாண்டிப் போயாச்சு, இவங்க ஸ்டாண்டுக்கு நடக்கற தூரத்தைக் குறைச்சுட்டோம்னு பெருமை பேசறாங்க.

நம்பிக்கை இல்லையா? வீட்டுலயே சோதனை பண்ணலாம். நோட்பேடைத் திறந்து ஒரு விசையை ரொம்ப மெதுவா அமுக்குங்க. பாதியிலயே எழுத்து திரையில வந்துடும், ரப்பர் இன்னும் எதையும் தொட்டிருக்காது.

இன்னொரு சோதனை. பத்து ரூபாய் நாணயம் ஒண்ணு 7.71 கிராம். ரெட் ஸ்விட்சுல எழுத்து விழ சுமார் 45 கிராம் எடை போதும். ஒரு விசை மேல நாணயங்களை ஒண்ணு ஒண்ணா அடுக்குங்க. ஆறோ ஏழோ ஆனதும் எழுத்து விழும். வளையத்தைக் கழட்டிட்டு மறுபடி அடுக்குங்க. அதே எண்ணிக்கைதான். வளையம் போட்டாலும் ஆறு, எடுத்தாலும் ஆறு. நாணயத்துக்கு விளம்பரம் படிக்கத் தெரியாது பாருங்க.

சித்தி பையன் முன்னாடி இந்த நாணயக் கூத்தை நடத்திக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஆனா கேம்ல தெரியுதேண்ணா"ன்னான். அதுக்கும் வர்றேன்.

கேம் கணக்கு

எதிராளிக்கும் நியாயமா நடந்துக்கணும்ல? வளையத்துக்கு ஒரு சின்ன ஆதாயம் உண்டு. ஒரே விசையை அடுத்தடுத்துத் தட்டும்போது, விரல் அடிவரைக்கும் போகாததால மேல வர்ற தூரமும் 0.4 மி.மீ. குறையும். உண்மைதான். அது எவ்ளோ நேரம்னு போட்டுப் பாப்போம்.

விரல் வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்துல போகுதுன்னு வச்சுக்கிட்டா, 0.4 மி.மீ.யைக் கடக்க 2 மில்லிசெகண்ட். போக 2, வர 2, ஆக 4.

இதை எதோட ஒப்பிடணும்? 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்தை மாத்தறதுக்கே 16.7 மில்லிசெகண்ட் எடுத்துக்கும். திரையில ஒண்ணைப் பாத்து விரல் அசையறதுக்கு மனுஷனுக்கு சுமார் 200 மில்லிசெகண்ட். இதெல்லாம் போக நம்ம மலை இணைய இணைப்பு. எங்க வீட்டுல வெயில் அடிக்கற நாள்லயே பிங் 50க்குக் கீழ இறங்கினதில்ல. ஆடி மாசக் காத்துல மரம் ஒண்ணு சாஞ்சா பிங் என்ன, இணைப்பே கிடையாது. சர்வர் சென்னையிலயோ மும்பையிலயோ இருக்கு. நீ கோத்தகிரியில உக்காந்து ரப்பர் மாட்டி 4 மில்லிசெகண்ட் மிச்சம் பிடிக்கற. ஓட்டை அண்டாவுல தண்ணி பிடிச்சுட்டு, குழாயை இன்னும் கொஞ்சம் முறுக்கினா நிறைஞ்சுடும்ங்கற மாதிரி.

நிஜமாவே தூரம் குறையணும்னா அதுக்குன்னே செஞ்ச ஸ்விட்ச் இருக்கு. செர்ரியோட ஸ்பீட் சில்வர்ல எழுத்து 1.2 மி.மீ.ல விழும், மொத்த இறக்கம் 3.4. காந்தத்தை வச்சு வேலை செய்யற ஹால் எஃபெக்ட் கீபோர்டுகள்ல எழுத்து எங்க விழணும், எங்க விடுபடணும்னு நாமளே வச்சுக்கலாம். இதெல்லாம் எழுத்து விழற இடத்தை மாத்தற சமாச்சாரம். ரப்பர் அந்த இடத்துக்குக் கிட்டயே வராது.

சத்தம்?

"வேகத்தை விடுங்க, சத்தம் குறையுதுல்ல?" இது அடுத்த கட்சி.

குறையும். எந்தச் சத்தம்? மெக்கானிக்கல் கீபோர்டு ஒரு சத்தம் போடறதில்ல, ஒரு கச்சேரியே வைக்குது. அடியில மோதற 'டொக்' ஒண்ணு. விசை திரும்ப மேல வந்து இடிக்கற 'டக்' ரெண்டாவது. புளூ வகை ஸ்விட்சுன்னா உள்ள இருக்கற 'கிளிக்' மூணாவது. ஸ்பேஸ் பார், என்டர் மாதிரி நீள விசைகளுக்கு அடியில இருக்கற கம்பி 'கலகல'ங்கறது நாலாவது. இதுல வளையம் அடக்கறது முதலாவதை மட்டும். புளூ ஸ்விட்சுக்கு வளையம் மாட்டறது, பேண்ட் வாத்தியத்துல ஒருத்தருக்கு மட்டும் வாயைக் கட்டற வேலை. சில மூடிகளோட உள்ளமைப்புல வளையம் ஸ்விட்சைத் தொடறதே இல்ல. அங்க அது வெறும் நகைதான்.

சத்தத்தோட அருமை எனக்குத் தெரியும். 2020க்கு அப்புறம் எங்கள மாதிரி பொட்டி தட்டறவங்க பல பேர் பெங்களூரை விட்டு மலைக்கு வந்து வீட்டுலேருந்தே ஆணி புடுங்கறோம். பழைய ஊட்டி வீடு, பலகை மச்சு, நடு ராத்திரி அமெரிக்காக்காரனோட கால். நான் ஒரு பத்தி எழுதினா பக்கத்து ரூம்ல ஆயா "இன்னும் தூங்கலியாடா"ங்கும். அதனால சத்தத்தைக் குறைக்காதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. சத்தம் குறையணும்னா சைலன்ட் ரெட் மாதிரி ஸ்விட்ச் வாங்குங்க. அதுல ரப்பர் ஸ்விட்சுக்கு உள்ளயே, மேல வரும்போதும் கீழ போகும்போதும் தாங்கற மாதிரி இருக்கு. புது கீபோர்டுக்குக் காசில்லையா? பழைய கம்பளி ஒண்ணை நாலா மடிச்சு கீபோர்டுக்கு அடியில போடுங்க. மேசை அதிர்றது நின்னாலே பாதிச் சத்தம் போன மாதிரி இருக்கும். நம்ம ஊருல கம்பளிக்கா பஞ்சம்?

விரல் நுனி வலிக்குது, ரப்பர் இருந்தா மெத்துன்னு இருக்குன்னு சொல்றவங்ககிட்ட எனக்குச் சண்டை இல்ல. தாராளமா மாட்டிக்கங்க. அது மருந்து. மருந்தை வேக டானிக்னு விக்கறவனோடதான் என் சண்டை.

ஓங்கி அடிக்கறது யாரு?

வலி ஏன் வருது? பாதியிலயே எழுத்து விழுந்தாலும் நாம தரை வரைக்கும் ஓங்கி அடிக்கறதாலதான். டிசம்பர், ஜனவரி உறைபனியில விடிகாலை தட்டிப் பாருங்க. விரல் மரத்துப் போய், தொட்டது தெரியாம இன்னும் பலமா அடிப்போம். அதுக்கு மருந்து ரப்பர் இல்ல, கையில விரல் நுனி வெட்டின கம்பளி உறையும் பக்கத்துல ஒரு டம்ளர் டீயும்.

எங்க பெரியம்மா பொண்ணு குன்னூர்ல டைப்ரைட்டிங் கத்துக்கிட்டவங்க. லோயர், ஹையர் ரெண்டும் பாஸ். அந்தக் காலத்து இரும்பு மெஷின்ல 'ஏ எஸ் டி எஃப்'னு மாசக்கணக்கா தட்டின கை. அந்த மெஷின்ல விசையை அமுக்கிப் பிடிச்சா வேலைக்காகாது. சட்டுனு தட்டிட்டு விட்டுடணும், மிச்சத் தூரத்தை எழுத்துக் கம்பி தன் வேகத்துலயே போய் ரிப்பன்ல அடிக்கும். அக்கா இன்னிக்கு ஆபீஸ்ல மட்டமான ஒரு ரப்பர் கீபோர்டுலதான் தட்டறாங்க. சத்தமே கேக்காது, வேகத்துக்கு நானும் கிட்ட நிக்க முடியாது. கீபோர்டைப் பாக்கவும் மாட்டாங்க. என்ன ஸ்விட்ச்க்கா நல்லதுன்னு கேட்டா, "எந்த ஸ்விட்ச்டா, லைட் ஸ்விட்சா?"ன்னு கேப்பாங்க.

வேகம் விரல்லதான் இருக்கு. அதை இன்ஸ்டிட்யூட்டுல மாசச் சம்பளம் கட்டி நேரம் போட்டுத்தான் வாங்கணும். கூரியர்ல வராது.

நமக்கு வேண்டிய கணக்கு

இப்ப நம்ம விஷயத்துக்கு வரேன். இதைப் படிக்கறவங்க முக்கால்வாசிப் பேர் கேம் ஆடறவங்க இல்ல, தமிழ்ல எழுதறவங்க. உங்க விரல் நடக்கற தூரத்தை நிஜமாவே குறைக்கணுமா? ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கு. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டி, அந்த வருஷமே தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட தமிழ்99 விசைப்பலகை.

கணக்கு போடுவோமா? 'விசைப்பலகை'ங்கற சொல்லையே எடுத்துக்கங்க. ஆங்கில உச்சரிப்பு முறையில வி, ஐ, எஸ், ஏ, ஐ, பி, பி, ஏ, எல், ஏ, கே, ஏ, ஐ. மொத்தம் 13 தட்டு. தமிழ்99ல வ, இ, ச, ஐ, ப, ப, ல, க, ஐ. மொத்தம் 9. 'ப'வை ரெண்டு தடவை தட்டினா முதல் 'ப'வுக்குப் புள்ளி தானா விழும்ங்கறது அந்த முறையோட விதி.

ஒவ்வொரு தட்டுக்கும் விரல் 4 மி.மீ. இறங்குதுன்னா, உச்சரிப்பு முறையில 52 மி.மீ. வளையம் மாட்டிக்கிட்டு அதையே அடிச்சா 46.8. வளையம் இல்லாம தமிழ்99ல அடிச்சா 36.

இன்னொண்ணு. 'வணக்கம்'. உச்சரிப்பு முறையில 'ண'வுக்கு அமுக்கற ஷிப்டையும் சேத்தா 9 தட்டு. தமிழ்99ல வ, ண, க, க, ம, புள்ளி. ஆறே ஆறு. ஷிப்ட் கிடையாது. புள்ளி இடது கை ஆள்காட்டி விரலுக்கு அடியிலயே இருக்கு. 36 மி.மீ. வளையத்தால 32.4 ஆகும், தமிழ்99ஆல 24 ஆகும்.

'பந்து', 'பங்கு' மாதிரி சொல்லுக்கும் புள்ளி தட்டவே வேணாம், ந-வும் த-வும் அடுத்தடுத்து வந்தா ந்த தான்னு அதுக்கே தெரியும். உயிரெழுத்து எல்லாம் இடது கையில, மெய் பெரும்பாலும் வலது கையில. கை மாத்தி மாத்தி நடக்கும்.

நம்ம முன்னோடிகள் இந்த வழியிலதான் யோசிச்சாங்க. யாழ்ப்பாணத்துல பிறந்து சிங்கப்பூர்ல வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினப்போ, 247 எழுத்தை எப்படி இத்தனூண்டு மெஷின்ல அடக்கறதுங்கறதுதான் அவர் முன்னாடி இருந்த கேள்வி. அடிச்சாலும் காகிதம் நகராத விசைன்னு ஒண்ணைக் கொண்டு வந்து புள்ளி மாதிரி குறிகளை எழுத்து மேலயே விழ வச்சார். எழுத்தைப் பத்தி யோசிச்சாரு, ரப்பரைப் பத்தி இல்ல.

நாம என்ன பண்றோம்? 'அம்மா'ங்கறதுக்கே மனசுக்குள்ள ஆங்கில எழுத்துக்கூட்டி அஞ்சு தட்டு தட்டறோம். தமிழ்99ல நாலு. சில வாரம் கை தடுமாறும்ங்கறது உண்மை. முதல் வாரம் 'நன்றி'க்கு எழுத்தைத் தேடறதுக்குள்ள நன்றி உணர்ச்சியே போயிடும் :-) அதுக்கு மேல பழகிடும். விண்டோஸ், மேக், லினக்ஸ், கைப்பேசி எல்லாத்துலயும் கிடைக்குது. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது புள்ளி தானா விழுதான்னு மட்டும் பாத்து எடுங்க, சிலதுல அது இருக்காது.

தீர்ப்பு

வேகம் வேணுமா, எழுத்து மேலயே விழற ஸ்விட்ச் வாங்கு. காசில்லையா, விரலைப் பழக்கு. சத்தம் குறையணுமா, கம்பளி போடு. கேம்ல ஜெயிக்கணுமா, நல்ல இணைப்புக்கு வழி பாரு, மிச்ச நேரம் ஆடிப் பழகு. தமிழ்ல எழுதணுமா, தமிழ்99. இந்தப் பட்டியல்ல ரப்பருக்கு எங்கயும் வேலை இல்ல.

'எனக்குத் திருப்தியா இருக்கு, உனக்கென்ன'ன்னு இன்னமும் சொல்றவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். உங்க திருப்திக்கு நீங்க செலவு பண்ணுங்க, அது உங்க காசு. ஆனா அதை வேகம்னு பேர் வச்சு பத்தொம்பது வயசுப் பையன்கிட்ட சொல்லாதீங்க. அவன் வீட்டுல நானூறு ரூபாங்கறது 20 கிலோ கொழுந்து.

டிஸ்கி 1: நான் எந்த ஸ்விட்ச் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்ல. கம்பளிக் கடையும் வைக்கல.

டிஸ்கி 2: மறுத்துப் பேச வர்றவங்க வரலாம், மகிழ்ச்சியா சண்டை போடுவோம். வரும்போது கையில ஏழு பத்து ரூபாய் நாணயம் இருக்கட்டும்.